கையில் ஒரு பிள்ளை, கனவில் ஒரு பிள்ளை

முதல் பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்து கேக் வெட்டும் நாளிலேயே நம் வீடுகளில் அந்தக் கேள்வியும் வந்துவிடும்: "அடுத்தது எப்போ?" முப்பது வயதைத் தாண்டித் திருமணம் செய்துகொண்ட என்னைப் போன்றவர்களுக்கு அது புதிய கேள்வி இல்லை. மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே எங்களுக்குள் பலமுறை கேட்டுப் பார்த்திருப்போம்.

எனக்கு இப்போது 36 வயது. மகனுக்கு 17 மாதம் முடிந்திருக்கிறது. இன்னமும் தாய்ப்பால் குடிக்கிறான். 98 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய சிறு அறையில் உட்கார்ந்து பம்ப் வைத்து எடுத்து, ஐஸ் பையில் போட்டு எல்ஆர்டியில் கொண்டுவந்து கொடுத்த பால் அது. அவ்வளவு எளிதில் நிறுத்த மனம் வரவில்லை. அதே சமயம் இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. வயது நமக்காக நின்று காத்திருக்கப் போவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன், மாதவிலக்கே திரும்பாமல் இருந்த நேரத்தில், "இரண்டாவதுக்கு யோசிக்கிறோம்" என்று நெருங்கிய சிலரிடம் சொன்னேன். உடன் வேலை செய்யும் தோழி, கருவளத்தைக் கூட்டும் என்று இணையத்தில் வாங்கிய மூலிகை மாத்திரைப் புட்டியைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பினாள். விலை 150 வெள்ளிக்கு மேல். தமிழ்நாட்டுக்குப் போய்வந்த உறவினர் மூலம் மாமி ஒரு டப்பா லேகியம் வரவழைத்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காச்சிப் பாத்திமா கலந்த காப்பித்தூள் பொட்டலத்தைக் கொடுத்தார். மூவரும் என் நன்மையை நினைத்துத்தான் தந்தார்கள். ஆனால் நான் விழுங்குவது எனக்கு மட்டும் போவதில்லையே. அதனால் மூன்றையும் பிரிக்காமல் வைத்துவிட்டு, மருந்தகத்தில் இருக்கும் மருந்தாளுநரிடமும், அரசு சுகாதார கிளினிக்கில் இருக்கும் தாதியிடமும் மருத்துவரிடமும் கேட்டேன். நான் மருத்துவர் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே இடத்தில் நிற்கும் தோழிகளுக்காக இந்த வாரம் எழுதுகிறேன்.

பால் இருக்கும்போது மாதவிலக்கு ஏன் வருவதில்லை?

பிள்ளை பால் உறிஞ்சும்போது தாயின் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. பாலை உற்பத்தி செய்ய வைப்பது அதுதான். அடிக்கடி பால் கொடுக்கும்போது, கருமுட்டை முதிர்ந்து வெளியேற மூளையிலிருந்து வர வேண்டிய சமிக்ஞையும் அடங்கிப்போகிறது. கையில் இருக்கும் பிள்ளை வளரட்டும், அடுத்தது பிறகு பார்க்கலாம் என்று உடம்பு தானாகவே போட்டுவைக்கும் இடைவெளி அது.

இந்த இடைவெளியை நம்பிக் குடும்பக் கட்டுப்பாடு செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் அதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளை இரவும் பகலும் முழுக்க, அல்லது ஏறக்குறைய முழுக்க, தாய்ப்பாலையே குடிக்க வேண்டும். மூன்றும் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். மாதவிலக்கு வரவில்லை என்பதற்காகக் கருத்தரிக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை வேண்டாம் என்று இருப்பவர்களும், வேண்டும் என்று ஏங்குகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மருந்து விஷயத்திலும் இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நொச்சியின் உறவுக்காரி

தோழி அனுப்பிய புட்டியில் முதலில் இருந்த பெயர் வைடெக்ஸ். 'சேஸ்ட்பெரி' என்றும் போடுவார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் செடியின் சிறு பழம். சளி பிடித்தால் நாம் ஆவி பிடிக்கப் பறிக்கும் நொச்சி, அதே இனத்தைச் சேர்ந்த செடிதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் துறவிகள் ஆசையை அடக்க இதைச் சாப்பிட்டதாகச் சொல்லி, 'துறவி மிளகு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆசையை அடக்கும் என்று பெயர் வாங்கிய அதே பழம் இன்று பிள்ளை வேண்டுவோரின் புட்டியில் இருக்கிறது.

ஜெர்மனியில் மாதவிலக்கு ஒழுங்கின்மைக்கும், மாதவிலக்குக்கு முன் வரும் மார்பு வலிக்கும் இதை நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இது மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தைத் தொட்டு ப்ரோலாக்டினைக் குறைக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ப்ரோலாக்டின் சற்றுக் கூடுதலாக இருக்கும் பெண்களிடம் அது குறைந்ததை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

மருந்தாளுநர் இந்த இடத்தில்தான் என்னை நிறுத்தினார். "அக்கா, ப்ரோலாக்டின் குறைஞ்சா முட்டை வரலாம். ஆனா உங்களுக்குப் பால் வர்றதும் அதே ப்ரோலாக்டின்லதானே?" என்று கேட்டார். பாலை நிறுத்தியே ஆக வேண்டிய தாய்மார்களுக்கு, பிள்ளையை இழந்தவர்களுக்கும்கூட, மருத்துவமனையில் கொடுக்கும் கேபர்கோலின் மாத்திரை வேலை செய்வதும் இதே டோபமைன் வழியில்தான் என்றார். அந்த மாத்திரையின் வலு வேறு, மூலிகையின் வலு வேறு. ஆனாலும் போகும் பாதை ஒன்று என்று கேட்டதும் புட்டியைப் பார்க்கும் என் பார்வை மாறியது. கனவில் இருக்கும் பிள்ளைக்காகக் கையில் இருக்கும் பிள்ளையின் பாலைக் குறைக்கக்கூடிய பொருள் அது.

வியப்பு என்னவென்றால், பால் சுரக்க இதே பழத்தைச் சாப்பிட்ட வழக்கமும் பழைய ஐரோப்பாவில் உண்டு. குறைந்த அளவில் ஒரு மாதிரியும் கூடிய அளவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளலாம் என்கிறார்கள். பால் கொடுக்கும் தாய் சாப்பிட்டால் பாலில் எவ்வளவு இறங்குகிறது, பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு நம்பத் தகுந்த ஆய்வு கிடையாது. அதனால்தான் பால் கொடுக்கும் காலத்தில் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஒரே புட்டியில் இரண்டு திசை

வைடெக்ஸுக்கு அடுத்து, அதே புட்டியில் சதாவரி, வெந்தயச் சாறு, அமுக்கரா எனப் பட்டியல் நீண்டது. நமக்குத் தெரிந்த பெயர்களைப் பார்த்ததும் மனம் இளகிவிடுகிறது. தண்ணீர்விட்டான் கிழங்குதான் சதாவரி. பால் சுரக்கவும் கர்ப்பப்பைக்கு வலு சேர்க்கவும் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. வெந்தயமும் பால் கூடவென்று நாம் சாப்பிடுவதுதான். அதாவது ஒரே மாத்திரையில் பாலைக் குறைக்கக்கூடிய ஒன்றும், பாலைக் கூட்டும் என்று நம்பப்படும் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. எது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு அந்தப் புட்டியில் பதில் இல்லை.

குழம்பில் தாளிக்கும் வெந்தயத்துக்கும் செறிவூட்டிய வெந்தய மாத்திரைக்கும் வித்தியாசம் இருக்கிறது. சமையலில் சேர்ப்பதில் பயமில்லை. மாத்திரை அளவில் போகும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கலாம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு மோதலாம். கர்ப்பிணிகள் உணவு அளவைத் தாண்டிச் சாப்பிடக் கூடாது என்றும் சொல்கிறார்கள். அமுக்கரா எனப்படும் அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் பல நாடுகளிலிருந்து மருத்துவப் பதிவுகள் வந்திருக்கின்றன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

காச்சிப் பாத்திமாவும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்கவும் உடம்பு தேறவும் மலாய்க்காரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வரும் மூலிகை. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்று பெயர் வாங்கிய ஒன்றைக் கருத்தரிக்க முயலும்போது குடிக்கலாமா? கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை இதற்கு உண்டு. கூடவே பல பொருள்களில் சேரும் மஞ்சக்கானி வேறொன்றுமில்லை. பிள்ளைக்கு உரைமருந்தில் நாம் இழைக்கும் மாசிக்காய்தான். உரைகல்லில் இரண்டு இழை இழைப்பதும், தினமும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றாகாது.

அந்த இரண்டு வாரம்

மருந்தாளுநர் சொன்னதில் இன்னொன்றும் என் மனத்தில் தங்கிவிட்டது. பிள்ளைக்காக முயலும் பெண் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இரண்டு வாரம், தான் கர்ப்பமாக இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறாள். கருமுட்டை வெளியான நாளிலிருந்து பரிசோதனைக் குச்சியில் கோடு விழும் நாள்வரை. பால் கொடுப்பவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக இல்லாததால் அந்தக் காலம் இன்னும் நீளலாம். மாதவிலக்கே திரும்பாத நிலையில் கருத்தரித்தால், பல வாரம் கழித்துத்தான் சந்தேகமே வரும்.

அந்த நாள்களில் அவள் விழுங்கும் மாத்திரை மூன்று பேருக்குப் போகிறது. அவளுக்கு, பாலில் மகனுக்கு, வந்திருந்தால் வயிற்றில் இருக்கும் கருவுக்கு. 'கர்ப்பமானதும் நிறுத்திவிடவும்' என்று புட்டியில் போட்டிருப்பதைப் பின்பற்றவே முடியாத காலம் அது.

பெட்டியில் வந்த லேகியம்

மாமி வரவழைத்த டப்பாவில் மருந்தின் பெயரும் ஊர் பெயரும் மட்டும் இருந்தன. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2011-12-இல் நடந்ததைப் படித்தேன். இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது ஈயமும் சேர்ந்து ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் பிள்ளையைப் போய்ச் சேரும். வளரும் மூளைக்கு அது ஆகவே ஆகாது. எல்லா லேகியமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பரிசோதனைக்கு உட்படாத டப்பாவைத் திறந்து பார்த்து எது எப்படி என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டில் முறையாக விற்கப்படும் மாத்திரை, லேகியம் எல்லாவற்றிலும் 'எம்ஏஎல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணின் இறுதியில் 'டி' இருந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' இருந்தால் ஊட்டச்சத்து மாத்திரை. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ அதை வாங்காதீர்கள்.

பதிவு எண் இருப்பதால் மட்டும் பிள்ளை உண்டாகிவிடும் என்று அர்த்தமில்லை. பாரம்பரிய மருந்துகளுக்குக் கன உலோகம், கிருமி, தரம் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளைப் போல, நூற்றுக்கணக்கான பேரிடம் கொடுத்துப் பலனை நிரூபித்த பிறகு வருவதல்ல அது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி, மலட்டுத்தன்மையைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. அப்படி உறுதி சொல்லும் விளம்பரத்தை முகநூலில் பார்த்தால், விற்பவர் சட்டத்தை மதிக்காதவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கணவருக்கு வாங்கும் பொருளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆண்மைக்கான மூலிகைக் காப்பி, மூலிகை மிட்டாய் என்று விற்கப்பட்ட பலவற்றில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சில்டெனாஃபில் வகை மருந்துகள் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

நாள் பார்ப்பதில் உள்ள சிக்கல்

கருமுட்டை வெளியாகும் நாளைக் கண்டுபிடிக்க இன்று பல வழிகள். பால் கொடுக்கும் தாய்க்கு அவை ஒவ்வொன்றிலும் ஒரு தொல்லை உண்டு.

சிறுநீரில் பார்க்கும் குச்சி, எல்ஹெச் என்ற ஹார்மோன் திடீரென ஏறுவதைக் காட்டும். ஏறிய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். ஆனால் பால் கொடுக்கும் உடம்பு இரண்டு மூன்று முறை முயன்று பார்த்து, முட்டையை வெளியிடாமலே நின்றுவிடுவதும் உண்டு. குச்சியில் கோடு விழும், முட்டை வந்திருக்காது. சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் இப்படி நடக்கும்.

காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்க்கும் முறை இன்னும் கடினம். முட்டை வெளியான பிறகு வெப்பம் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் கூடும். ஆனால் குறைந்தது மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கி எழுந்து பார்க்க வேண்டும். இரவு முழுக்கப் பிள்ளை எழுப்பும் வீட்டில் அந்த எண்ணை நம்ப முடியாது. கைத்தொலைபேசிச் செயலிகளோ போன மாதங்களை வைத்து அடுத்த மாதத்தை ஊகிப்பவை. போன மாதமே இல்லாதவளுக்கு எதை வைத்து ஊகிக்கும்?

கொஞ்சம் கைகொடுப்பது வெள்ளைப்படுதலைக் கவனிப்பதுதான். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி இருந்தால் அவை கருத்தரிக்க ஏற்ற நாள்கள். அமெரிக்காவில் 221 பெண்களைக் கவனித்து 1995-இல் வெளியான ஆய்வில், கருத்தரித்தவர்கள் எல்லாருக்கும் அது முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள்களுக்குள்தான் நடந்திருந்தது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கோ ஒரே நாள்தான் ஆயுள். அதனால் கிளினிக் மருத்துவர் எங்களுக்குச் சொன்னது எளிமையான வழி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கணவன் மனைவி சேர்ந்திருந்தால் போதும். குச்சியும் வேண்டாம், செயலியும் வேண்டாம். மாதவிலக்கு திரும்பிய முதல் சில மாதங்களில் முட்டை வெளியான பின் வரும் நாள்கள் குறைவாக இருந்து, கரு தங்காமல் போகலாம். அது பெரும்பாலும் தானே சரியாகும் என்றும் சொன்னார்.

புட்டி இல்லாமல் செய்யக்கூடியவை

தாதி அக்கா கையில் ஒரு தாளை எடுத்து எனக்காக எழுதித் தந்தவை இவை.

முதலில் ஃபோலிக் அமிலம். கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்பே தினமும் குறைந்தது 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். கருவின் மூளை, முதுகுத் தண்டுக் குறைபாடுகளைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபணமான மாத்திரை இது. பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். அரசு சுகாதார கிளினிக்கின் கர்ப்பத்துக்கு முந்திய பராமரிப்புச் சேவையில் கேட்டால் கிடைக்கும்.

இரண்டாவது, பால் கொடுக்கும் இடைவெளி. முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவுப் பாலை மெல்லக் குறைத்து, தொடர்ந்து ஆறு ஏழு மணி நேரம் இடைவெளி விழுந்தாலே பலருக்கு முட்டை வெளியேற்றம் திரும்புகிறது. மூலிகை செய்யும் என்று சொல்லப்படுவதை, அளவும் வேகமும் நம் கையில் இருக்கும்படி செய்யும் வழி இது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி கொடுக்கலாம்.

மூன்றாவது, காலக் கணக்கு. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதமாவது காத்திருக்க உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயின் ரத்தமும் எலும்பும் தேற வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள், அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை மருத்துவரிடமே பேசி முடிவு செய்ய வேண்டும். 35-க்குக் கீழே ஓராண்டு, அதற்கு மேலே ஆறு மாதம் முயன்றும் பலன் இல்லையென்றால் பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்போது தைராய்டு, சர்க்கரை, ரத்தச்சோகை எல்லாம் பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவது அரிதில்லை. அதைத் தூக்கமில்லாத அசதி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் இதற்கு ஆலோசனை உண்டு. கணவரின் விந்தணுப் பரிசோதனையும் அதே நாளில் நடக்கட்டும். பிள்ளை உண்டாவதில் பாதி அவர் பங்கு.

நாங்கள் எடுத்த முடிவு

புட்டியை வாங்கவில்லை. காப்பித்தூளைத் தந்த அக்காவிடம், "இப்ப வேண்டாம் அக்கா, பிள்ளைக்காக முயற்சி பண்றோம்" என்று சொன்னதும் அவரே, "அப்போ குடிக்கவே கூடாது" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். மாமியிடம் சொல்லத்தான் தயங்கினேன். செலவு செய்து வரவழைத்தவர். உட்கார்ந்து, "மாமி, இதுல என்ன இருக்குன்னு எழுதல. நான் சாப்பிட்டா தம்பிக்கும் பால்ல போகும்" என்றேன். மாமி டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க காலத்துல பால் கொடுக்கிறவளுக்கு மாங்கா கூடத் தரமாட்டாங்க. அம்மா வாய் திங்கிறது பிள்ளை வயித்துக்குன்னு சொல்லுவாங்க. நீ சொல்றதும் அதுதானே" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துப்போய்விட்டார். பூண்டும் முருங்கைக்கீரையும் சுறாப் புட்டுமாக எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவர் அவர். பத்தியம் என்பதே இந்த ஒரு எண்ணத்தின் மேல் கட்டியதுதான் என்பது அவருக்கு நான் விளக்க வேண்டியதாக இல்லை.

இரவுப் பாலை ஆறு வாரத்தில் குறைத்தோம். நள்ளிரவில் அவன் எழும்போது கணவர்தான் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். முதல் வாரம் வீடே தூங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், கண் விழித்தவன் அழாமல் திரும்பிப் படுத்துத் தானாகத் தூங்கிவிட்டான். நான்தான் விடியும் வரை விழித்திருந்தேன். இனி இரவில் அவனுக்கு நான் வேண்டாம் என்பது மகிழ்ச்சியா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வலியைத் தவிர்க்கத்தான் நம்மில் பலர் புட்டியைத் தேடுகிறோமோ என்று அன்று தோன்றியது. பாலையும் குறைக்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பத்தான் மனம் விரும்புகிறது.

போன மாதம் மாதவிலக்கு திரும்பியது. காலையிலும் மாலையிலும் பால் தொடர்கிறது. ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு 18 மாதம் நிறைந்ததும் முயலத் தொடங்கலாம் என்று என் வயதையும் சுகப்பிரசவத்தையும் பார்த்து மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்தில் ஆகவில்லையென்றால் இருவருமாகப் போவதற்கு இப்போதே நாள் குறித்துவிட்டோம். ஆகுமா ஆகாதா என்பது தெரியாது. மகனுக்குக் கொடுக்கும் பாலில் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு புட்டியோ டப்பாவோ இருந்தால், அதைத் தந்தவர்களோடு சண்டை வேண்டாம். கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த முறை கிளினிக்குப் போங்கள். மருத்துவர் முன் மேசையில் எடுத்து வைத்து, "நான் பால் கொடுக்கிறேன், அடுத்த பிள்ளைக்கும் முயல்கிறேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.